லினக்ஸ் போடுறதுக்கு முன்னாடி ஒரு செக்கப்

இது மருத்துவப் பதிவு இல்லைங்க. சுகர், பிபி பத்திப் படிக்க வந்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க, அது நாளைக்கு.

கடந்த சில மாதமா அரூர்ல என் கிளினிக்குக்கு வர்ற காலேஜ் பசங்க, மாத்திரைச் சீட்டை வாங்கிக்கிட்டு கிளம்பும்போது கதவுகிட்ட நின்னு ஒரு கேள்வி கேட்கிறாங்க. "டாக்டர், நீங்க உங்க கம்ப்யூட்டர்ல லினக்ஸ்தானே வெச்சிருக்கீங்க? எங்க லேப்டாப்லயும் போடலாமா?"

காரணம் எல்லோருக்கும் தெரிஞ்சதுதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்னு போச்சு. சரி, விண்டோஸ் 11 போட்டுக்கலாம்னா அதுக்கு டிபிஎம் 2.0 வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேணும். நம்ம ஊர் வீடுகள்ல இருக்கிற பழைய அரசு லேப்டாப் பலதுக்கு அந்தத் தகுதி கிடையாது. லேப்டாப் நல்லாத்தான் இருக்கு. ஆனா காலாவதின்னு சொல்லிட்டாங்க.

"பழைய விண்டோஸ்லயே ஓட்டினா என்ன டாக்டர், ஓடுதே?"ன்னு கேட்கிறவங்களும் உண்டு. 2017 மே 12 அன்னிக்கு வான்னாக்ரைன்னு ஒரு வைரஸ் உலகம் முழுக்கப் பரவுச்சு. இங்கிலாந்துல அரசு மருத்துவமனைகள் பலதுல கம்ப்யூட்டர் பூட்டிக்கிச்சு. ஆயிரக்கணக்கான நோயாளிகளோட அப்பாயின்ட்மென்ட் ரத்தாச்சு, ஆம்புலன்ஸை வேற ஆஸ்பத்திரிக்குத் திருப்பி விட்டாங்க. அந்த ஓட்டையை அடைக்கிற திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ரெண்டு மாதம் முன்னாடி, மார்ச்சுலயே வெளியிட்டிருந்தது. போட்டுக்காத கம்ப்யூட்டர்தான் மாட்டிக்கிச்சு. இனிமே திருத்தமே வராத கம்ப்யூட்டரோட கதி என்னன்னு நீங்களே யோசிங்க. 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ்ல சர்வர் முடங்கி, நாள்கணக்குல ஓபி சீட்டு கையால எழுதினதும் ஞாபகம் இருக்கும். என் கிளினிக் கம்ப்யூட்டர்ல நோயாளிகளோட விவரம் இருக்கு. அதனால எனக்கு இது பொழுதுபோக்கு விஷயம் இல்லை.

ஆக, லினக்ஸ் போடலாமா? போடலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு செக்கப் இருக்கு. இந்த திரெட் அதைப் பத்தித்தான்.

முதல்ல ஒரு விஷயம். அரசு லேப்டாப்ல லினக்ஸ் புதுசு இல்லை. 2011 செப்டம்பர் 15-ல தொடங்கின இலவச லேப்டாப் திட்டத்துல 50 லட்சத்துக்கும் மேல லேப்டாப் கொடுத்தாங்க. விண்டோஸ் பக்கத்துலயே பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தாங்க. பாஸ்ங்கிறது மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையா வெச்சு செஞ்சது. ஆன் பண்ணும்போது எது வேணும்னு ஒரு பட்டியல் வரும், பலர் அதைப் பார்த்துப் பயந்து என்டர் தட்டிட்டுப் போயிருப்பீங்க. அதுக்கும் முன்னாடி, 2006-07 வாக்கிலேயே உமாசங்கர் ஐஏஎஸ் எம்டியா இருந்தப்போ எல்காட் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாத்துச்சு. பக்கத்துக் கேரளாவுல அரசுப் பள்ளிகள் பல வருஷமா லினக்ஸ்லதான் பாடம் நடத்துறாங்க.

அங்கெல்லாம் ஒரு வசதி. எந்த மெஷினுக்கு எந்த லினக்ஸ்னு முன்கூட்டியே சேர்த்துப் பார்த்துக் கொடுக்க ஒரு ஆள் இருந்தாங்க. இப்ப நீங்க வீட்ல உட்கார்ந்து தனியா போடப் போறீங்க. அந்த ஆள் வேலையை நீங்கதான் பார்க்கணும்.

சரி, டிரைவர்னா என்ன? 108 வண்டி ஓட்டுறவர் இல்லை.

நம்ம தருமபுரி மாவட்டத்துல ஓபி பார்க்கிற எந்த டாக்டருக்கும் இது உடனே புரியும். தமிழ் பேசுறவங்க வருவாங்க, தெலுங்கு பேசுறவங்க வருவாங்க, பென்னாகரம் பக்கம் கன்னடம் பேசுற பாட்டி வருவாங்க. பாட்டிக்கு வயித்துவலி எங்கன்னு நல்லா சொல்லத் தெரியும். எனக்கு வைத்தியம் தெரியும். ஆனா நடுவுல மொழி தெரிஞ்ச ஒரு சிஸ்டர் நிக்கலைன்னா, ரெண்டு பேரும் முகத்தை முகம் பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான். பாட்டி மேலயும் குத்தம் இல்லை, என் மேலயும் குத்தம் இல்லை.

வைஃபை சிப், சவுண்டு, கேமரா, பிரிண்டர் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மொழி பேசும். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அதைப் புரிய வைக்கிற சிஸ்டர்தான் டிரைவர்.

விண்டோஸ்ல இந்த மொழிபெயர்ப்பாளரைப் பெரும்பாலும் கம்பெனிக்காரங்களே எழுதி அனுப்புவாங்க. லினக்ஸ்ல பெரும்பாலான டிரைவர் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்து வரும், தனியா சிடி தேட வேண்டாம். அதனாலதான் பல லேப்டாப்ல லினக்ஸ் போட்ட உடனே எல்லாம் தானா வேலை செய்யுது. ஆனா சில கம்பெனிகள் தங்களோட மொழியை வெளியில சொல்லவே மாட்டாங்க. அங்கதான் சிக்கல்.

இதுல ஒரு சுவையான சரித்திரம் உண்டு. 1980 வாக்கில அமெரிக்காவுல எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. அதுல அடிக்கடி பேப்பர் சிக்கும். அங்க வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், பேப்பர் சிக்கினா எல்லோருக்கும் தகவல் போற மாதிரி புரோகிராமை மாத்தலாம்னு நினைச்சார். அதோட மூல நிரல் கிடைக்கலை. வெச்சிருந்தவர் தர மறுத்துட்டார், ஒப்பந்தம் அப்படி. அந்தக் கோபம் அவர் மனசுல தங்கி, 1983-ல க்னூ திட்டமா வெளிய வந்தது. 1991-ல லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதின லினக்ஸ் கெர்னல் அதோட சேர்ந்தது. ஆக, இந்த மொத்தக் கதையோட ஆரம்பத்துலயே ஒரு பிரிண்டர் பஞ்சாயத்துதான் இருக்கு. இன்னிக்கும் லினக்ஸ் போடுறவங்களை அதிகமா அழ வைக்கிறது பிரிண்டர்தான்னா பார்த்துக்கோங்க!

இப்ப ஒரு பொண்ணோட லேப்டாப் கதை. அடையாளம் தெரியாத மாதிரி சொல்றேன்.

சித்தேரி மலைப் பக்கத்துக் கிராமம். அம்மாவுக்கு என்கிட்ட சுகர் வைத்தியம் நடக்குது. பொண்ணு அரசுக் கல்லூரில கம்ப்யூட்டர் சயின்ஸ், அந்த வீட்ல காலேஜ் படியேறின ரெண்டாவது ஆள். முதல் ஆள் அண்ணன். அவனுக்கு வந்த அரசு லேப்டாப்தான் இப்ப இவளுக்கு. ஆன் ஆகவே பத்து நிமிஷம். செமஸ்டர் புராஜெக்ட் சமர்ப்பிக்க மூணு வாரம்தான் இருக்கு. கூடப் படிக்கிற ஒருத்தன் பென்டிரைவைக் கொடுத்து, "இதை சொருகி நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு குடு, அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்"னு சொல்லியிருக்கான்.

அவன் சொன்னது பொய் இல்லை. அரை மணி நேரத்துல முடிஞ்சுதான் இருக்கும். பழைய ஹார்டுடிஸ்க்ல இருந்த அண்ணனோட கல்யாண போட்டோ, நிலத்துப் பட்டா ஸ்கேன், பாதி முடிஞ்ச புராஜெக்ட் எல்லாமும் சேர்ந்து முடிஞ்சிருக்கும்.

நல்லவேளை, கேட்டுட்டுப் போடலாம்னு அவளுக்குத் தோணியிருக்கு. "சனிக்கிழமை ஓபி முடிஞ்சதும் கொண்டு வாம்மா"ன்னேன்.

சாதாரண குடலிறக்க ஆபரேஷனுக்குக்கூட மயக்க மருந்து டாக்டர் முந்தின நாளே பார்த்து ஈசிஜி, சுகர், ஆஸ்துமா இருக்கா, எந்த மருந்தாவது ஒத்துக்காதான்னு எல்லாம் கேட்பார். சர்ஜன் கை எவ்வளவு சுத்தமா இருந்தாலும் இந்தக் கேள்விகளைத் தாண்டாம டேபிள்ல ஏத்த மாட்டோம். லினக்ஸ்ல இதுக்கு ஒரு அருமையான வழி இருக்கு, லைவ் பென்டிரைவ். 8 ஜிபி பென்டிரைவ்ல ரூஃபஸ் மாதிரி ஒரு கருவியால லினக்ஸை ஏத்தி, அதுல இருந்தே லேப்டாப்பை ஆன் பண்ணலாம். 'ட்ரை' கொடுத்தா ஹார்டுடிஸ்க்கைத் தொடாம லினக்ஸ் முழுசா ஓடும். பிடிக்கலைன்னா பென்டிரைவைப் பிடுங்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். பென்சிலினுக்கு முன்னாடி கையில சின்னதா குத்திப் பார்க்கிற டெஸ்ட் டோஸ் மாதிரி. 'இன்ஸ்டால்' பொத்தான் பக்கம் மட்டும் இப்ப கை போகக் கூடாது.

அதுக்கும் முன்னாடி வேற ஹார்டுடிஸ்க்ல பேக்கப். இதைத் தனியா விளக்க மாட்டேன்.

டெஸ்ட் டோஸ் போட்டாச்சு. திரை வந்தது, டச்பேட் வேலை செஞ்சது. யூட்யூப்ல ஒரு பாட்டைப் போட்டுப் பார்க்கலாம்னு வைஃபையைத் தேடினா, அந்த ஐகானே இல்லை.

பொண்ணு முகம் வாடிப்போச்சு. "அப்போ ஆகாதா டாக்டர்?"

ஆகாதுன்னு இல்லை, அந்த சிப் யாருன்னு தெரியணும். டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐன்னு ஐந்து சின்ன ஆங்கில எழுத்தைச் சேர்த்து அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, ஒரு மைனஸ் போட்டு என், என், கே அடிங்க. லேப்டாப் உள்ளே இருக்கிற சிப் எல்லாம் வரிசையா வரும். ஒவ்வொண்ணுக்கும் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்'னு ஒரு வரி இருந்தா அதுக்கு மொழிபெயர்ப்பாளர் நிக்கிறார்னு அர்த்தம். இவ லேப்டாப்ல நெட்வொர்க் கன்ட்ரோலருக்குக் கீழே அந்த வரி இல்லை.

சதுர அடைப்புக்குள்ள ரெண்டு எண் வரும். முன்னாடி இருக்கிறது கம்பெனி, பின்னாடி இருக்கிறது மாடல். இன்டெல்லுக்கு 8086, அவங்களோட பிரபலமான பழைய பிராசசர் பேரையே எண்ணா எடுத்துக்கிட்டாங்க. ரியல்டெக் 10ஈசி. பிராட்காம் 14ஈ4. லேப்டாப் மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை நம்பாதீங்க. ஒரே மாடல் பேர்ல வேற வேற வைஃபை சிப் போட்டு வித்திருப்பாங்க. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஓடுச்சுன்னா உங்களுக்கும் ஓடும்னு அர்த்தம் இல்லை. ஒரே பேர் இருக்கிற ரெண்டு முருகேசனுக்கு ஒரே பிளட் குரூப் இருக்கணும்னு இல்லையே.

விண்டோஸ்ல இருந்தே பார்க்கணும்னா டிவைஸ் மேனேஜர் போய், அந்த சிப் மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ். அதே ரெண்டு எண் அங்கேயும் இருக்கும். அதைக் குறிச்சுக்கிட்டு, லினக்ஸ்-ஹார்டுவேர் டாட் ஆர்க் தளத்துல தேடினா உலகத்துல யார் யாருக்கு அந்த சிப் ஓடியிருக்கு, எந்தக் கெர்னல்லன்னு வரும்.

பொதுவா, இன்டெல், ஏத்தரோஸ் வைஃபை பெரும்பாலும் தொல்லை இல்லாம ஓடும். ரியல்டெக்ல புது சிப்புகளுக்குப் புதுக் கெர்னல் வேணும். பிராட்காம்ல சிலதுக்கு டிரைவரைத் தனியா இறக்கிப் போடணும். இன்னும் சில சிப்புக்கு டிரைவர் இருந்தும் ஃபர்ம்வேர் வேணும், அதாவது ஆன் ஆகும்போது சிப்புக்குள்ள ஏத்துற ஒரு சின்ன கோப்பு. டெபியன்காரங்க திறந்த நிரலா இல்லாத இந்தக் கோப்புகளைக் கொள்கைக்காக ரொம்ப வருஷம் அதிகாரபூர்வ இன்ஸ்டாலர்ல சேர்க்காம இருந்தாங்க. 2023 ஜூன்ல வந்த டெபியன் 12-ல இருந்துதான் சேர்த்தாங்க. கொள்கை மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா மலையடிவாரத்துல உட்கார்ந்திருக்கிற பொண்ணுக்கு வைஃபை வேணும்.

இங்கதான் விஷயமே. டிரைவரை இன்டர்நெட்ல இருந்து இறக்கணும். இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேணும். கிணத்துல விழுந்த கயித்தை எடுக்க அதே கயிறு வேணும்ங்கிற கதை. டவுன்ல இருக்கிறவனுக்கு இது அரை மணி நேர எரிச்சல். இவ வீட்ல போன் சிக்னலே வாசலுக்கு வந்து கையைத் தூக்கினாத்தான் கிடைக்கும். அந்தப் பையன் பேச்சைக் கேட்டு வீட்ல வெச்சுப் போட்டிருந்தா, பழையதும் போய், புதுசும் ஓடாம, மூணு வாரமும் போயிருக்கும்.

வழி இருக்கு. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிள்ல லேப்டாப்போட இணைச்சு, போன்ல 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் பண்ணுங்க. லினக்ஸ் அதை ஒரு கேபிள் இணைப்பா எடுத்துக்கும், தனி டிரைவர் வேண்டாம். வைஃபை இல்லாத எல்லா லினக்ஸ் லேப்டாப்புக்கும் இதுதான் ஆக்சிஜன் சிலிண்டர். என் போனை மாட்டி, லைவ்லயே அந்த டிரைவரை இறக்கிப் போட்டோம். ரெண்டு நிமிஷத்துல வைஃபை ஐகான் வந்தது. பொண்ணு சிரிச்சா.

நிறுத்தலை, ஏன்னா செக்கப் இன்னும் முடியலை. ஹெட்போன்ல சத்தம், மைக், கேமரா, புளூடூத், பேட்டரி சதவீதம், எச்டிஎம்ஐ போட்டு டிவில படம் வருதா (காலேஜ்ல புரொஜெக்டர்ல காட்டணுமே). எல்லாம் சரி. வெளிச்சம் கூட்டிக் குறைக்கிற பட்டன் வேலை செய்யலை, மவுஸால மாத்தலாம். லேப்டாப்பை மூடித் திறந்தா தூக்கத்துல இருந்து எழுந்திரிக்கலை. இதை யாருமே சோதிக்கிறது இல்லை. புராஜெக்ட் டைப் பண்ணிக்கிட்டு இருக்கும்போது அம்மா கூப்பிட்டாங்கன்னு மூடி வெச்சுட்டுப் போனா சேமிக்காதது அவ்வளவுதான். "மூடினா திரை மட்டும் அணையட்டும், தூங்க வேண்டாம்"னு செட்டிங்ல மாத்திக்கலாம்னு காட்டினேன்.

கொஞ்சம் புது லேப்டாப் வெச்சிருக்கிறவங்களுக்கு வேற ரெண்டு தொல்லை. லைவ்ல எல்லாம் ஓடும், இன்ஸ்டாலர்ல மட்டும் ஹார்டுடிஸ்க்கே தெரியாது. பயாஸ்ல இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டின்னு ஒண்ணு ஆன்ல இருக்கும், அதனாலதான். அதை யோசிக்காம மாத்தினா விண்டோஸ் பூட் ஆகாமப் போகலாம். இன்னொண்ணு பிட்லாக்கர். டிஸ்க் பூட்டியிருக்கான்னு விண்டோஸ்ல முதல்ல பார்த்து, ரெகவரி கீயைப் பேப்பர்ல எழுதி வெச்சுட்டு அப்புறம் பயாஸைத் தொடுங்க. அப்புறம், புதுசா இறங்கின லேப்டாப்ல பழைய லினக்ஸ் பதிப்பைப் போடாதீங்க. சிப் சந்தைக்கு வந்து, டிரைவர் எழுதி, அது கெர்னலுக்குள்ள வர நாளாகும். என்னைக் கேட்டா லினக்ஸுக்கு நாலஞ்சு வருஷம் பழைய லேப்டாப்தான் நல்ல ஜாதகம்.

பிரிண்டருக்கு வருவோம். நம்ம ஊர் ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் ஆபீஸ், கிளினிக் எங்க பார்த்தாலும் இருக்கிற கேனான் எல்பிபி 2900, கேப்ட்னு ஒரு தனி மொழி பேசுறது. லினக்ஸ்ல அதை ஓட வைக்க முடியும், ஆனா பொறுமை வேணும். எச்பி லேசர்ஜெட் 1020 ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் ஃபர்ம்வேர் கேட்கும், எச்பிலிப் மென்பொருளோட அதுக்கான பிளக்-இன்னையும் போடணும். இப்ப வர்ற நெட்வொர்க் பிரிண்டர்கள் பலது டிரைவரே இல்லாம ஓடுது. செல்போன்ல இருந்து நேரா பிரிண்ட் எடுக்க முடியுற பிரிண்டர்னா பெரும்பாலும் லினக்ஸ்லயும் ஓடிடும். கடையில வாங்கும்போது இந்த ஒரு கேள்வி கேளுங்க போதும்.

கடைசியா ஒரு எச்சரிக்கை, என் சக மருத்துவர்களுக்கும் லேப் வெச்சிருக்கிற தம்பிகளுக்கும். டிரைவர் வேற, அப்ளிகேஷன் வேற.

வேற ஒரு ஊர்ல தெரிஞ்ச லேப் ஒண்ணு. கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ண வந்த பையன் நல்ல எண்ணத்துல எல்லா மெஷினுக்கும் லினக்ஸ் போட்டுட்டுப் போயிட்டான். ரத்தப் பரிசோதனை மெஷினோட இணைஞ்ச கம்ப்யூட்டருக்கும். அந்த மெஷின் சீரியல் கேபிள்ல பேசுறது. யூஎஸ்பி-சீரியல் மாத்திகளுக்கு லினக்ஸ் கெர்னல்லயே டிரைவர் உண்டு, அதனால கேபிளை உடனே கண்டுபிடிச்சுக்கிச்சு. ஆனா ரிசல்ட்டைப் படிச்சு ரிப்போர்ட்டா மாத்துற மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான் இருந்தது. மூணு நாள், மெஷின் திரையைப் பார்த்துப் பார்த்து ஹீமோகுளோபினையும் பிளேட்லெட்டையும் கையால எழுதினாங்க. டெங்கு சீசன் வேற. பிளேட்லெட் எண்ணிக்கைல ஒரு சைபர் விட்டுப்போனா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஈசிஜி மெஷின், ஸ்கேன், ஆதார் கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், இதெல்லாம் வெச்சிருந்தா வித்த டீலருக்குப் போன் போட்டு "லினக்ஸுக்கு டிரைவர் இருக்கா, மென்பொருள் இருக்கா"ன்னு ரெண்டு கேள்வியையும் தனித்தனியா கேளுங்க. "ஓடும் சார்"னு வாயால சொன்னா போதாது, ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. இல்லைன்னா அந்த ஒரு கம்ப்யூட்டரைத் தொடாதீங்க.

என் கிளினிக்ல சீட்டு எழுதுற கம்ப்யூட்டர், கணக்குப் பார்க்கிறது ரெண்டும் லினக்ஸ். ஈசிஜி மெஷினோட இருக்கிறது இன்னும் விண்டோஸ்தான். நெட் கேபிளைப் பிடுங்கி வெச்சிருக்கேன், பென்டிரைவ் சொருகினா சிஸ்டர் திட்டுவாங்க.

அந்தப் பொண்ணு லேப்டாப்புக்கு டிரைவர் கோப்பையும் ஒரு பென்டிரைவ்ல போட்டுக் கொடுத்து அனுப்பினேன், வீட்ல மறுபடி போட வேண்டி வந்தா நெட் தேட வேண்டாம்னு. புராஜெக்டைத் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடியே கொடுத்துட்டா. போன வாரம் அவங்க அம்மாவோட வந்தா. அம்மாவுக்கு சுகர் இன்னும் இறங்கலை, களி சாப்பிடுறேன்னு சொல்லிட்டு மூணு வேளையும் சோறுதான். பொண்ணு மட்டும் பின்னாடி நின்னு மெதுவா கேட்டா, "டாக்டர், என் ஃப்ரெண்டு ஒருத்தி லேப்டாப்லயும் வைஃபை வரலையாம். 10ஈசின்னு காட்டுதாம். சனிக்கிழமை கூட்டிட்டு வரட்டா?"

எந்தக் கெர்னல்னு கேட்டுட்டு வரச் சொல்லியிருக்கேன்.